உன் பெயருக்கு ஒரு சீட்டு

உ
சிவமயம்

நாட்டரசன்கோட்டை
11.1.2022, செவ்வாய்க்கிழமை

அன்புள்ள ராசாவுக்கு,

ஆத்தா எழுதிக்கொள்வது. உன்னைப் பெற்ற நாங்கள் இருவரும், ஆத்தாவும் அப்பச்சியும், இங்கே நலம். நீயும் மருமகளும் பேத்தியும் நலமாயிருக்க நம் ஊர் அம்மன் கண்ணாத்தாளை வேண்டிக்கொள்கிறேன்.

சனிக்கிழமை ராத்திரி நீ பேசிய பிறகு எனக்குத் தூக்கமே வரவில்லை. பொங்கலுக்குச் சிங்கப்பூரிலிருந்து ஊருக்கு வர எடுத்த டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன் என்றாய். நான் சரி என்று மட்டும் சொன்னேன். "சரின்னு சொல்றதுக்கு இவ்வளவு நாள் காத்திருந்தியா ஆத்தா" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டாய். தொண்டை அடைத்துக்கொண்டது ராசா, அதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை. அதனால்தான் கணக்கு நோட்டில் நாலு தாளைக் கிழித்துக்கொண்டு முகப்பில் வந்து உட்கார்ந்திருக்கிறேன். எழுதி முடித்ததும் பக்கத்து வீட்டுப் பெண் படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பிவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். ஆற அமரப் படி. மருமகளுக்கும் படித்துக் காட்டு.

உனக்கு வந்த கோபம் எனக்கும் இருக்கிறது. உனக்காவது ஆபீஸ், வேலை என்று பொழுது ஓடிவிடும். நான் மூன்று மாதமாக எந்தக் காரியத்தைத் தொட்டாலும் இந்தப் பொங்கலை மனசில் வைத்துத்தான் தொட்டேன். மேல்மாடி அறைக்கு வெள்ளை அடித்தது, தொட்டில் சங்கிலியை எடுத்துத் துரு போகத் தேய்த்து எண்ணெய் போட்டது, சின்னதாக ஒரு கொசுவலை வாங்கியது, எல்லாம் உங்கள் மூன்று பேருக்காகத்தான். போன மாதம் பிள்ளையார் நோன்பில் மாவில் வைத்து ஏற்றிய இழையை எடுத்துக்கொண்டபோதுகூட, அடுத்த மாதம் இந்நேரம் பிள்ளை இந்த வீட்டு வளவு முற்றத்தில் தவழும் என்று நினைத்துக்கொண்டுதான் வாயில் போட்டேன்.

போன சித்திரையில் பிறந்த பிள்ளை. ஒன்பது மாதம் ஆகிறது. இன்னும் நான் கையால் தொடவில்லை. பிரசவத்துக்கு வரலாம் என்று நானும் சம்பந்தி ஆச்சியும் பெட்டி கட்டி வைத்திருந்தோம். 2021 ஏப்ரல் கடைசியில் இந்தியாவிலிருந்து யாரும் வரக்கூடாது என்று சிங்கப்பூர் கதவைச் சாத்திவிட்டது. இங்கே கொரோனாவில் ஜனங்கள் செத்துக்கொண்டிருந்த வேகத்துக்கு அவர்கள் சாத்தியதைத் தப்பு என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பெட்டியை அவிழ்த்தபோது, பிள்ளைக்கென்று பழைய வேட்டியைக் கிழித்துத் துவைத்து மடித்து வைத்திருந்த துணியெல்லாம் மேலாகவே இருந்தது. அதை மறுபடியும் பீரோவில் வைக்கும்போது எனக்கு எப்படி இருந்தது என்று உனக்குச் சொல்லவே இல்லை. இன்றைக்குச் சொல்கிறேன்.

மருமகள் தேவகோட்டைப் பக்கம். நம் ஊர்ச் செவ்வாய்ப் பொங்கலை அவள் பார்த்ததில்லை. எதற்காக ஆத்தா இந்த ஒரு நாளைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறாள் என்று அவளுக்குத் தோன்றலாம். அவளுக்காகக் கொஞ்சம் எழுதுகிறேன். தைப்பொங்கல் கழிந்து முதலில் வருகிற செவ்வாய்க்கிழமை, ஊர் நகரத்தார் எல்லோரும் கண்ணுடைய நாயகி அம்மன் கோயில் முன்னால் பொங்கல் வைப்போம். கல்யாணமான ஒவ்வொரு குடும்பமும் ஒரு புள்ளி. புள்ளிகளின் பெயரைச் சீட்டில் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி எடுப்பார்கள். எந்தச் சீட்டு முதலில் வருகிறதோ அந்த வீட்டுக்குத்தான் முதல் பானை. பெரிய வீடு, சின்ன வீடு, வசதி உள்ளவன், இல்லாதவன் என்ற பேச்சே கிடையாது. அம்மன் கை வைத்த சீட்டு என்று எல்லோரும் தலைவணங்கி ஏற்றுக்கொள்வார்கள். வரிசை வரிசையாக அடுப்பு மூட்டி, நூற்றுக்கணக்கான பானைகள் ஒரே நேரத்தில் பொங்கும். சாயங்கால வெயிலில் அந்தப் புகையும் பால் வாசனையும் சங்குச் சத்தமும் எனக்கு வார்த்தையில் வரவில்லை. மெட்ராஸ், கோயம்புத்தூர், மலேசியா என்று எங்கே இருந்தாலும் அன்றைக்கு ஊருக்கு வந்து சேர்ந்துவிடுவார்கள். எத்தனையோ கல்யாணத்துக்குப் பெண் பார்த்தது அந்த அடுப்பு வரிசையில்தான். உன் ஜாதகத்தை முதன்முதலில் ஒருவர் கேட்டதும் அங்கேதான்.

உனக்கு 2020 மாசியில் கல்யாணம் நடந்தது. நீங்கள் சிங்கப்பூர் போய் இறங்கிச் சாமானைப் பிரித்து அடுக்குவதற்குள் ஊர் உலகம் எல்லாம் பூட்டிக்கொண்டது. உன் பெயரில் புள்ளி வரி இரண்டு வருஷமாகத் தவறாமல் கட்டுகிறோம். போன வருஷமும் உன்னால் வர முடியவில்லை. புது மாப்பிள்ளையும் பெண்ணுமாக நீங்கள் இரண்டு பேரும் நின்று ஒரு பானை வைத்து நான் இன்னும் பார்க்கவில்லை. மருமகள் சாமானில் வந்த வெண்கலப் பானை, இனிஷியல் வெட்டியது, இன்னும் தீயைக் கண்டதில்லை. இந்த வருஷம் அடுத்த செவ்வாய்க்கிழமை, 18ஆம் தேதி, செவ்வாய்ப் பொங்கல். அதே நாள்தான் தைப்பூசமும். நேற்று சாயங்காலம் டி.வி.யில் சொல்லிவிட்டார்கள்: 14ஆம் தேதியிலிருந்து 18ஆம் தேதி வரை எல்லா வழிபாட்டு இடங்களிலும் பொதுமக்களுக்கு அனுமதி கிடையாது, 16ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை முழு ஊரடங்கு. காணும் பொங்கல் அதோடு போயிற்று.

ஆக, நீ டிக்கெட்டை ரத்து செய்யாமல் வந்திருந்தாலும் இந்த வருஷம் கோயில் வாசலில் பானை வைத்திருக்க முடியாது. இதைச் சொன்னால் உனக்கு ஆறுதலாக இருக்குமா, இன்னும் எரிச்சலாக இருக்குமா, தெரியவில்லை. எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கிறது.

கோயில் முன்னால் திறந்த வெளி. சீட்டு வரிசைப்படி ஒவ்வொரு அடுப்புக்கும் ஒரு இடம். ஒரு பானைக்கு ஒருவர்தான் நிற்கலாம், முகக்கவசம் கட்டாயம், இரண்டு ஊசி போட்ட சான்றிதழ் இல்லாதவர் வரக்கூடாது என்றால் ஒருவர்கூட மறுத்துப் பேசமாட்டோம். இத்தனை ஒழுங்கோடு கூடுகிற கூட்டம் வேறு எங்கே இருக்கிறது, சொல். போன வாரம் சிவகங்கைக்கு மருந்து வாங்கப் போனேன். ஜவுளிக்கடையில் பாதிப் பேருக்குத்தான் அனுமதி என்று வாசலில் எழுதி ஒட்டியிருக்கிறது. உள்ளே தோளோடு தோள் இடிக்காமல் நடக்க முடியவில்லை. ரேஷன் கடையில் பொங்கல் தொகுப்பு 21 பொருள் கொடுக்கிறார்கள், வரிசை தெரு முனை வரை நிற்கிறது. அதைக் குறை சொல்லவில்லை, வாங்குகிறவர்களுக்கு அது வேண்டும். அங்கே நிற்கலாம் என்றால் இங்கேயும் இடைவெளி விட்டு நிற்கலாமே என்றுதான் கேட்கிறேன். சிங்கப்பூரில் டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயிலில் இந்தத் தைப்பூசத்துக்குக் காவடி ஊர்வலம் கிடையாது, ஆனால் நேரம் பதிவு செய்துகொண்டு பால்குடம் எடுக்கலாம் என்று நீதானே சொன்னாய். அது ஒரு வழி. கதவை மொத்தமாகச் சாத்துவதற்கு முன்னால் இப்படி ஒரு வழியை யோசித்துப் பார்த்தார்களா என்று தெரிந்தால் என் மனசு கொஞ்சம் ஆறும்.

இதை அப்பச்சியிடம் சொன்னேன். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "தம்பியை மறந்துட்டியா" என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டார். எனக்கு அப்புறம் பேச்சில்லை.

மறக்கவில்லை ராசா. போன மே மாதம் உன் சித்தப்பாவை மதுரைக்குக் கொண்டுபோன அன்று ஆம்புலன்ஸிலேயே நாலு மணி நேரம் வெளியில் வைத்திருந்தார்கள், படுக்கை இல்லை என்று. படுக்கை கிடைத்து ஆறாம் நாள் போய்விட்டார். இந்த வீட்டில் பிறந்தவர், இந்த வளவில் கல்யாணம் பண்ணிக்கொண்டவர். கடைசியாக ஒரு தடவை வாசலில்கூட இறக்கவில்லை. நெகிழிப் பையில் சுற்றி நேராகச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோனார்கள். சித்தி வண்டிக்குப் பின்னாலேயே ஓடினாள். அவளைப் பிடித்து நிறுத்தியது நான்தான். கட்டிப் பிடித்து அழக்கூட எல்லோருக்கும் பயம். இருபது பேருக்கு மேல் கூடக்கூடாது என்று சட்டம், வந்தது ஏழு பேர். அதனால் இந்த நோயை யாராவது சாதாரணச் சளி, சும்மா பயமுறுத்துகிறார்கள் என்று பேசினால் எனக்கு உடம்பெல்லாம் எரியும். போன வாரம் உன் பெரியம்மா மகன் போனில் அப்படித்தான் பேசினான். அடுத்த வார்த்தை பேசுவதற்குள் வைத்துவிட்டேன்.

அப்பச்சிக்குச் சர்க்கரை. நாங்கள் இரண்டு பேரும் பள்ளிக்கூடத்து முகாமில் போய் இரண்டு ஊசியும் போட்டுக்கொண்டோம். இரண்டாவது ஊசி ஜூனில் போட்டது. மூன்றாவது ஊசி அறுபது வயது தாண்டி வேறு நோயும் உள்ளவர்களுக்கு நேற்றிலிருந்து போடுகிறார்கள், இரண்டாவது போட்டு ஒன்பது மாதம் ஆகியிருக்க வேண்டுமாம். அப்பச்சிக்கு மார்ச்சில் வரும். கூட்டிக்கொண்டு போய்விடுவேன், நீ கவலைப்படாதே. தினமும் பத்தாயிரம் பேருக்கு மேல் வருகிறது என்று செய்தி வாசிக்கும்போது எனக்கும் பயம் இல்லாமல் இல்லை. கட்டுப்பாடே வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன்.

எனக்குப் பொறுக்காதது வேறு. அது என்ன என்று மூன்று நாளாக யோசித்துப் பார்த்தேன்.

சித்தி, அத்தை என்று எல்லோரும் எனக்கு ஆறுதல் சொல்வதற்கு ஒரே கதையைத்தான் எடுக்கிறார்கள். அந்தக் காலத்தில் நம் ஆட்கள் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் வியாபாரத்துக்கு, கொண்டுவிக்கப் போய்விட்டு வருஷக் கணக்காக வராமல் இருக்கவில்லையா, பெண்டு பிள்ளைகள் இந்த வீட்டில் காத்திருக்கவில்லையா, உனக்கு மட்டும் என்ன என்று. உண்மைதான். உன் அப்பச்சியின் ஐயா, அதாவது அவருடைய தாத்தா, பர்மாவில் கடைக்கு மேலாளாக இருந்தவர். உன் அப்பத்தா அந்தக் கதையை எனக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்கள். ஆனால் கதையில் ஒன்றை இவர்கள் விட்டுவிடுகிறார்கள். அவர் போனால் மூன்று வருஷக் கணக்கு. மூன்று வருஷம் என்றால் மூன்று வருஷம். கணக்கை முடித்து ஒப்படைத்துவிட்டுக் கப்பல் ஏறுவார். இங்கே அவர் சம்சாரம் பெட்டகக் கதவின் உள்பக்கம் கரியால் மாதத்துக்கு ஒரு கோடு போட்டுக்கொண்டே வருவார்களாம். முப்பத்தாறாவது கோட்டில் மாவு இடிக்க ஆரம்பித்துவிடுவார்களாம், பலகாரத்துக்கு. 1942-ல் ஜப்பான்காரன் குண்டு போட்டு, அவர் கால்நடையாகக் காட்டு வழியில் கிளம்பிய பிறகுதான் கோடு போடுவதை விட்டார்கள். எத்தனை கோடு போடுவது என்று தெரியாமல் போய்விட்டது. அந்த ஐந்து மாதம்தான் தன் மாமியாரை உருக்கிவிட்டது என்று உன் அப்பத்தா சொல்லுவார்கள். அதற்கு முன்னால் கழிந்த மூன்று மூன்று வருஷங்களைப் பற்றி ஒரு குறையும் சொன்னதில்லையாம்.

எங்களுக்கு இந்த இரண்டு வருஷமும் அந்த ஐந்து மாதம் மாதிரிதான் போகிறது. கெடு தெரியவில்லை. 2020 மார்ச்சில் 21 நாள் என்றார்கள். நானும் காலண்டரில் வட்டம் போட்டேன். அப்புறம் மே 3 என்றார்கள், மே 17 என்றார்கள், மே 31 என்றார்கள். வட்டம் போடுவதையே விட்டுவிட்டேன். போன நவம்பர் 26ஆம் தேதி, டிசம்பர் 15 முதல் வெளிநாட்டு விமானம் எல்லாம் பழையபடி பறக்கும் என்று சொன்னார்கள். அன்றைக்குத்தான் நான் வெள்ளையடிக்க ஆள் சொன்னேன். ஐந்தாம் நாள், டிசம்பர் 1ஆம் தேதி, அது கிடையாது என்றார்கள். ஊசி போட்டவர்கள் வந்துபோக நவம்பர் கடைசியில் சிங்கப்பூர் ஒரு தனி வழி திறந்தது, நீ அதில் டிக்கெட் போட்டாய். டிசம்பர் 22ஆம் தேதி, இனிமேல் அந்த வழியில் ஜனவரி 20 வரை புதிதாக டிக்கெட் இல்லை என்று அறிவித்தார்கள். நல்லவேளை, நீ முன்னாலேயே வாங்கிவிட்டாய் என்று நான் அம்மனுக்கு எண்ணெய் வாங்கிக் கொடுத்தேன். கடைசியில் போன வெள்ளிக்கிழமை டெல்லியிலிருந்து வருகிறது உத்தரவு: 11ஆம் தேதியிலிருந்து வெளிநாட்டிலிருந்து வருகிற எல்லோரும் ஏழு நாள் வீட்டில் தனியாக இருக்க வேண்டும், எட்டாம் நாள் பரிசோதனை. நீ 12ஆம் தேதி இறங்குவதாக இருந்தாய். உனக்கு லீவு பத்து நாள். நாலே நாள் முன்னதாகச் சொல்கிறார்கள். லீவு கேட்டு, ஆபீஸில் மல்லுக்கட்டி, கைப்பிள்ளைக்கு எல்லாக் காகிதமும் வாங்கி, மூக்கில் குச்சி விட நேரம் குறித்து வைத்திருக்கிற ஒருவனுக்கு நாலு நாள் போதுமா?

நோய் நம் காலண்டரைப் பார்த்து வருவதில்லை, அரசாங்கத்துக்கும் முன்கூட்டித் தெரியாது என்று அப்பச்சி சொல்கிறார். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பொங்கல் என்றைக்கு என்பது எல்லோருக்கும் தெரியும் ராசா. தை ஒன்று வருஷம் தவறாமல் வருகிறது. தீபாவளிக்குள்ளேயே உட்கார்ந்து, நோய் இவ்வளவு கூடினால் இதை மூடுவோம், இவ்வளவுக்குக் குறைவாக இருந்தால் இதைத் திறந்து வைப்போம் என்று எழுதி ஊருக்குச் சொல்லியிருக்கலாம். அப்போது நாங்களும் பேப்பரில் எண்ணைப் பார்த்து மனசைத் தயார் செய்துகொள்வோம். நீயும் டிக்கெட்டுக்குக் கொட்டிய பணத்தை யோசித்துச் செலவழித்திருப்பாய். வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு, கெடு என்றைக்கு என்று எழுதி வைத்தே வளர்ந்த வீடு இது. கெடுவைச் சொல்லிவிட்டால் எவ்வளவு கஷ்டமானாலும் தாங்கிக்கொள்வோம்.

நேற்றுக் காலையில் மானாமதுரையிலிருந்து பானைக்காரர் வந்தார். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது உனக்கு ஊதுகிற குருவிப் பொம்மை கொண்டுவந்து கொடுப்பாரே, அவர்தான். தலை முழுக்க நரைத்துவிட்டது. இப்போது மகனுடைய வண்டியில் வருகிறார். வைக்கோலைப் பிரித்து ஒவ்வொரு பானையாக எடுத்து விரலால் தட்டிக் காட்டினார். வெந்த பானைக்கு மணிச் சத்தம் வரும், வேகாததற்கு மந்தமாக இருக்கும். எல்லாப் பானையும் கணீர் என்றுதான் கேட்டது. "ஆச்சி, எப்பவும் உங்க வளவுக்கு மட்டும் ஒன்பது பானை இறக்குவேன், இந்த வருஷம் எத்தனை?" என்று கேட்டார். நான் வளவைத் திரும்பிப் பார்த்தேன். பங்காளி வீடுகள் எல்லாம் பூட்டிக் கிடக்கின்றன. பஸ்ஸில் முக்கால்வாசிப் பேர்தான் ஏறலாம், ராத்திரி பத்து மணிக்கு மேல் ஊரடங்கு, கோயிலும் கிடையாது, எதற்கு வந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மாட்டிக்கொள்வது என்று மெட்ராஸ்காரர்கள், கோயம்புத்தூர்காரர்கள் எல்லோரும் ஒவ்வொருவராகப் போன் செய்து சொல்லிவிட்டார்கள். எனக்கு ஒன்று, சித்திக்கு ஒன்று, இரண்டுதான் வேண்டும். அதை அவர் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? போன வருஷத்துப் பானையே வீட்டில் அடுக்கிக் கிடக்கிறது என்றார். குரலை உயர்த்தவில்லை. வண்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஐந்து வாங்கினேன். அப்பச்சி ஒன்றும் சொல்லவில்லை. அதில் ஒன்று உன் புள்ளிக்கு.

சமையற்காரரும் வந்துவிட்டுப் போனார். செவ்வாய்ப் பொங்கல் வாரத்துக்கு ஏழு வீட்டில் சாப்பாட்டுக்கு முன்பணம் வாங்கியிருந்தாராம். ஐந்து வீட்டில் திருப்பிக் கேட்கிறார்களாம். அவர் அதில் ஏற்கனவே மகள் பீஸ் கட்டிவிட்டார். நாம் கொடுத்ததை நான் கேட்கவில்லை, நீ வரும்போது சமைத்துக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டேன். உன்னிடம் கேட்காமல் சொன்னேன், நீ வேண்டாம் என்று சொல்லமாட்டாய் என்று தெரியும். பண்டிகையை மூடினால் மூடப்படுவது நம் சந்தோஷம் மட்டும் இல்லையே. இவர்கள் இரண்டு பேரும் மார்கழி முழுக்க உழைத்து தையில் சாப்பிடுகிறவர்கள். கோயிலை மூடுகிற உத்தரவோடு இவர்களுக்கு ஏதாவது கொடுக்கும் உத்தரவும் சேர்ந்து வந்திருந்தால், அடைத்த கதவைப் பார்த்து இவ்வளவு பேர் இவ்வளவு கசந்து பேசமாட்டார்கள்.

இனி நீ சொன்ன இன்னொரு விஷயம். வந்துவிட்டு, ஏழு நாள் தனியாக இருந்த மாதிரி பேர் பண்ணிக்கொண்டு, வளவுக்குள்ளே தானே இருக்கப்போகிறோம் யாருக்குத் தெரியும் என்று உன் சிநேகிதன் யோசனை சொன்னதாகச் சொன்னாய். நீ அதைக் கேட்காமல் விட்டது எனக்குப் பெரிய நிம்மதி. அப்பச்சியின் சர்க்கரையை மட்டும் வைத்துச் சொல்லவில்லை. சித்தப்பாவுக்கு அந்த நோய் வந்ததே, இரண்டு நாள் காய்ச்சலை மறைத்துக்கொண்டு ஒரு விசேஷத்துக்கு வந்த ஒருவரால்தான் என்று சித்தி இன்றைக்கும் நம்புகிறாள். உண்மையா இல்லையா, யார் கண்டது. அந்தச் சந்தேகத்தோடு அவள் தினமும் எழுந்திருக்கிறாள். நம் வீட்டிலிருந்து இன்னொருவருக்கு அப்படி ஒரு நினைப்பு வரக்கூடாது. உத்தரவு தாமதமாக வந்தது என்பதற்காக நாம் அதை ஏய்க்க வேண்டாம். கோபத்தை எழுதிக் கேட்கலாம். நான் எழுதப்போகிறேன், நம் ஊர்க்காரர்கள் நாலு பேர் கையெழுத்தோடு. அடுத்த வருஷத்துக்காவது முன்கூட்டிச் சொல்லுங்கள், திறந்த வெளிக்கு ஒரு விதி, நாலு சுவருக்குள் இருக்கிறதுக்கு ஒரு விதி என்று பிரித்துப் பாருங்கள் என்று. அப்பச்சி அதற்குக் கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டார். அவர் போட்டால் ஊரில் பாதிப் பேர் போட்டுவிடுவார்கள்.

செவ்வாய்ப் பொங்கலை என்ன செய்வது என்று ஊரில் இன்னும் பேச்சாகவே இருக்கிறது. அடுத்த செவ்வாய்க்குத் தள்ளலாம் என்கிறார்கள் சிலர். தள்ளுவதா, கூடாது, பேருக்கு ஒரு பானையாவது அன்றைக்கு வைத்தாக வேண்டும் என்கிறார்கள் சிலர். எப்படி முடிவு செய்தாலும் சீட்டு எழுதும்போது உன் பெயரும் இருக்க வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். நீ வரவில்லையே என்று ஒருவர் கேட்டார். புள்ளி இருக்கிறதே என்று சொன்னேன்.

உன்னிடம் நான் கேட்பது ஒன்றுதான். எனக்கு ஒரு கெடு சொல். உன் ஆபீஸில் நல்லபடியாகப் பேசி, அடுத்த லீவு எப்போது கிடைக்கும், ஏழு நாள் தனியாக இருந்தாலும் மிச்சம் பத்து நாளாவது இருக்கிற மாதிரி எப்போது வரமுடியும் என்று கேட்டு எழுது. சித்திரையோ, ஆடியோ, எதுவானாலும் சரி. பண்டிகையாக இருக்க வேண்டும் என்று இல்லை. விதி மாறினால் நீயும் மாற்றிக்கொள், நான் கோபித்துக்கொள்ளமாட்டேன். ஆனால் "பார்க்கலாம் ஆத்தா" என்று மட்டும் சொல்லாதே. அந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. மேல்மாடி அறையைப் பூட்டவில்லை, தினமும் கூட்டித்தான் வைக்கிறேன்.

பலகாரம் சுட்டுவிட்டேன். நோன்புக்கே மாவு அரைத்து வைத்தது. தேன்குழல், சீப்புச் சீடை, மாவுருண்டை, கொஞ்சம் அதிரசம். காரைக்குடியிலிருந்து ஒரு பெண் வேலைக்காகத் திரும்பச் சிங்கப்பூர் வருகிறாள், அடுத்த வாரம் விமானம். இரண்டு கிலோ மட்டும் எடுத்துக்கொள்கிறேன் என்று ஒத்துக்கொண்டிருக்கிறாள். அதிரசத்தை மூன்று நாளைக்குள் சாப்பிட்டுவிடுங்கள். சீடையைப் பிள்ளை கையில் கொடுக்க வேண்டாம் என்று மருமகளிடம் சொல், தொண்டையில் மாட்டும். மாவுருண்டையை நெய்யில் நன்றாகக் குழைத்து நாக்கில் தடவிப் பார்க்கச் சொல். உனக்கு உன் அப்பத்தா அப்படித்தான் தடவிவிட்டார்கள். முகத்தைச் சுளித்துவிட்டு அடுத்த நிமிஷம் கையை நீட்டினாய்.

வெள்ளிக்கிழமை காலையில் பொங்கல் வைக்கும்போது போன் செய்கிறேன். வெயில் வந்த பிறகுதான் வைப்போம், உங்கள் நேரத்துக்கு இரண்டரை மணி நேரம் கூட்டிக்கொள். பிள்ளையைக் குளிப்பாட்டித் தயாராக வைத்திருங்கள். பால் பொங்குகிற சத்தம் கேட்கிற மாதிரி போனைப் பானைக்குப் பக்கத்தில் பிடிக்கச் சொல்லியிருக்கிறேன்.

இன்னொன்று. பேத்திக்குக் கொலுசு அடிக்கச் சொல்லியிருந்தேனே, நீங்கள் வந்ததும் காலை அளந்து கொடுக்கலாம் என்று நிறுத்தி வைத்திருந்தார் ஆசாரி. இப்போது அளவு நீங்கள்தான் அனுப்ப வேண்டும். பிள்ளை தூங்கும்போது கணுக்காலில் ஒரு நூலைச் சுற்றி, ஒரு விரல் உள்ளே போகிற அளவு தளர்வு விட்டு, மையால் புள்ளி வைத்து நூலை வெட்டச் சொல். அதை ஸ்கேல் பக்கத்தில் நீட்டி வைத்துப் படம் எடுத்து அனுப்பு. நூலைத் தூக்கிப் போடாதே, எடுத்து வை. வியாழக்கிழமை மத்தியானம் வரைதான் ஆசாரி பட்டறையில் இருப்பாராம், அப்புறம் ஞாயிறு ஊரடங்கு முடிந்து திங்கட்கிழமைதான் திறப்பாராம். அதனால் நாளைக்கே அனுப்பிவிடு.

இப்படிக்கு,
உன் ஆத்தா